சொல்லுக்குக் குலம் கேட்கலாமா?

ஒரு சொல் எங்கே பிறந்தது என்று தெரிந்துகொண்டால், அந்தச் சொல்லின் உண்மை நமக்குப் பிடிபட்டுவிடுமா? வாழ்நாளின் பெரும்பகுதியை ஆங்கில ஆசிரியனாகக் கழித்த எனக்கு, ஓய்வுபெற்ற பிறகும் ஓயாத கேள்வி இது. என் வீடு கிளியனூரில், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது. கிழக்கே கழுவெளியின் நீர்ப்பரப்பு. அதைத் தாண்டி வடகிழக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். அந்த அளங்களில் உப்பு வாருகிறவர்களின் பிள்ளைகளும் என் வகுப்பில் படித்தார்கள்.

இலக்கணத்தில் மனம் ஒட்டாத பிள்ளைகளும் சொற்களின் பிறப்புக் கதை என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். 'குட்பை' என்று நாம் கையசைத்துச் சொல்வது, கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்ற பழைய வாழ்த்து தேய்ந்து வந்தது. 'ஹாலிடே' என்றால் முதலில் புனித நாள். கட்டுமரம் 'கட்டமரான்' ஆகி உலகக் கடல்களில் மிதக்கிறது. நம் சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆகி வெள்ளைக்காரன் மேசைக்குப் போனது. இதையெல்லாம் கேட்கும்போது, தாத்தாவின் ஊரைக் கண்டுபிடித்தது போன்ற மகிழ்ச்சி பிள்ளைகளின் முகத்தில் வரும்.

இந்தக் கதைகளில் எல்லோரும் அறிந்தது 'சேலரி'. லத்தீனில் உப்புக்கு 'சால்' என்று பெயர். அதிலிருந்து 'சலாரியம்', அதிலிருந்து சேலரி. ரோமானியப் படைவீரனுக்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள் என்பது பொதுஅறிவுப் புத்தகங்கள் தரும் விளக்கம். இதில் பாதிதான் உறுதி. கி.பி. 77-ஐ ஒட்டி எழுதப்பட்ட 'இயற்கை வரலாறு' என்ற பெருநூலின் 31-ஆம் பகுதியில் மூத்த பிளினி உப்பைப் பற்றிப் பேசுகிறார். மரியாதைகளிலும் படைச்சேவையிலும் உப்புக்கு இடம் உண்டு, சலாரியம் என்ற பெயர் அதனால் வந்தது என்கிறார். வீரனின் கையில் உப்பு மூட்டையைக் கொடுத்தார்கள் என்று அவர் எழுதவில்லை. உப்பு வாங்கக் கொடுத்த படியா, உப்புச் சாலையைக் காத்ததற்கான பணமா என்பதற்குச் சான்று கிடையாது. சொல்லுக்கும் உப்புக்கும் உள்ள உறவு மெய். நடுவில் நடந்ததாகச் சொல்லும் கதை, பின்னால் வந்தவர்கள் கட்டியது.

நம் 'சம்பளம்' என்ற சொல்லுக்கும் இதே நிலைதான். சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாக அளக்கப்பட்டதால் 'சம்பளம்' என்று தமிழறிஞர் சிலர் பிரித்துக் காட்டுவார்கள். வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் உணவைக் குறிக்கும் 'சம்பல' என்ற வடசொல்லோடு இணைப்பவர்களும் உண்டு. நெல்லும் உப்பும் ஒன்றுக்கொன்று மாற்றாக விலைபோன காலம் இருந்தது என்பதில் ஐயமில்லை. அகநானூற்றில் அம்மூவனார் காட்டும் உமணப் பெண், நெல்லுக்கு நேராக உப்பு என்று விலைகூறிக்கொண்டு சேரித் தெருவில் போகிறாள். ஆனாலும் அந்தப் பாட்டைக் காட்டி, சம்பளம் என்ற சொல் இப்படித்தான் பிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஏன் இந்தக் கதைகளை இவ்வளவு எளிதில் நம்புகிறோம்? சொல்லின் வேரில்தான் அதன் உண்மை இருக்கிறது என்று நாம் உள்ளூர நினைப்பதால்தான். சொற்பிறப்பியலுக்கு ஆங்கிலத்தில் 'எடிமாலஜி' என்று பெயர். அதன் கிரேக்க அடிச்சொல்லான 'எடிமோன்' மெய்யானதைக் குறிக்கும். முதல் பொருளே மெய்ப்பொருள் என்ற நம்பிக்கை அந்தத் துறையின் பெயரிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. பிளேட்டோவின் 'கிராட்டிலஸ்' உரையாடலில் இருவர் இதை வைத்தே வாதாடுகிறார்கள். பெயர் பொருளின் இயல்பிலிருந்து வருகிறது என்கிறார் ஒருவர். மனிதர் கூடி ஒத்துக்கொண்டதுதான் பெயர் என்கிறார் மற்றவர். நீண்ட நேரம் சொற்களைப் பிரித்துப் பிரித்துக் காட்டிய சாக்ரடீஸ், பொருளை அறியப் பெயரிடம் போகாதே, பொருளிடமே போ என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார்.

நம் நாட்டில் இது சமயக் கேள்வியாகவே இருந்தது. வேதம் யாராலும் இயற்றப்படாதது என்று கொண்ட மீமாம்சகர்கள், சொல்லும் பொருளும் என்றென்றைக்கும் சேர்ந்தே இருப்பவை, யாரும் கட்டிவைத்த உறவு இல்லை அது என்றார்கள். நியாய மரபினர் அதை மறுத்தார்கள். இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருள் என்பது ஓர் ஏற்பாடு. முதல் ஏற்பாட்டைச் செய்தவன் இறைவன் என்றார்கள். காளிதாசரோ 'ரகுவம்ச'த்தின் தொடக்கத்திலேயே, சொல்லும் பொருளும் போல இணைந்த அம்மையப்பரை வணங்கிவிட்டுத்தான் கதைக்குள் நுழைகிறார்.

தமிழ் இலக்கணிகள் இன்னும் நிதானமாகப் பேசினார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் அமைந்த காரணம் பார்த்தவுடன் விளங்குவதில்லை என்று உரியியலில் தொல்காப்பியர் சொல்லிவிட்டார். காரணமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. எளிதில் தெரியாது என்றார். 13-ஆம் நூற்றாண்டில் சமண முனிவரான பவணந்தி, பெயர்களை இடுகுறி, காரணம் என்று இரண்டாக வகுத்தார். பறப்பதால் பறவை, அது காரணப்பெயர். மரம் என்பதற்குக் காரணம் தெரியவில்லை, அது இடுகுறிப்பெயர். காரணம் இருந்தும் வழக்கத்தால் ஒன்றுக்கே உரியதாக நின்றுவிட்ட பெயர்களுக்கும் அவர் இடம் விட்டுவைத்தார். சேற்றில் பிறப்பவை பல இருக்க, 'பங்கயம்' தாமரையை மட்டும் சுட்டுவது அப்படித்தான். காரணம் சொல்லைத் தொடங்கிவைக்கலாம். அதற்கு மேல் சொல்லை நடத்திப்போவது மக்களின் வழக்கு.

எங்கள் ஊர்ப் பெயரே இதற்குச் சாட்சி. இங்குள்ள அகத்தீஸ்வரர் கோயில் பாடல்பெற்ற தலம். திருஞானசம்பந்தர் பாடியதாகப் பிற்காலத்தில் கிடைத்த பதிகம் இதைக் கிளியன்னவூர் என்கிறது. சுக முனிவர் கிளியாக வந்து ஈசனை வழிபட்டார் என்பது ஐதீகம். தமிழுக்கு முதல் இலக்கணம் செய்தவர் என்று மரபு கொண்டாடும் அகத்தியரின் பெயரால் இறைவன் இங்கே விளங்குகிறான். அந்தச் சந்நிதியில் நிற்கும்போது எனக்கு மனம் நிறையும். ஆனால் திண்டிவனத்தில் பேருந்து ஏறிக் கிளியனூருக்குச் சீட்டுக் கேட்கிறவர், கிளியை நினைத்துக் கேட்பதில்லை. தன் வீட்டை, வயலை, காத்திருக்கும் பிள்ளையை நினைத்துக் கேட்கிறார். ஐதீகம் பெயருக்கு அழகு சேர்க்கிறது. பெயருக்குப் பொருள் தருவது அங்கே வாழ்கிறவர்களின் வாழ்க்கை.

பிறப்பை வைத்துச் சொல்லை அளக்க முடியாது என்பதற்கு ஆங்கிலத்திலிருந்தே சான்று தருகிறேன். 'சில்லி' என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அதன் மூதாதைச் சொல் அருள்பெற்றவரைக் குறித்தது. அருள்பெற்றவர் கள்ளமற்றவர் ஆனார்; கள்ளமற்றவர் இரங்கத்தக்கவர் ஆனார்; கடைசியில் அசடர் ஆனார். 'நைஸ்' இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்தது. ஒன்றும் அறியாதவன் என்ற பொருள்கொண்ட லத்தீன் சொல்லில் பிறந்து, இன்று நல்லது, இனியது என்ற இடத்துக்கு வந்திருக்கிறது. உயர்ந்த இடத்தில் பிறந்தது தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் பிறந்தது உயர்ந்தது. பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கக் கூடாது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நம் பெரியோர் சொல்லிவருகிறார்கள். சொல்லுக்கும் குலம் கேட்கக் கூடாது என்பது அந்த அறத்தின் நீட்சி என்றே நான் எண்ணுகிறேன்.

அதற்காக, பிறப்பை ஆராய்வது வீண் என்று சொல்லமாட்டேன். பிறந்த இடம் சொல்லின் மதிப்பைக் காட்டாது. ஆனால் வந்த வழி, அதைக் கையாண்டவர்களின் மனத்தைக் காட்டிக்கொடுக்கும். 'லார்ட்' என்ற சொல்லைப் பாருங்கள். அப்பத்தைக் காத்துவைப்பவன் என்ற பழைய ஆங்கிலக் கூட்டுச்சொல்லிலிருந்து வந்தது அது. வீட்டாருக்கு உணவு பகிர்கிறவன் பிரபு ஆனான். பிறகு அதே சொல்லால் ஆங்கிலம் பேசும் கிறிஸ்தவர்கள் கடவுளை அழைத்தார்கள். 'வில்லன்' என்ற சொல்லையும் பாருங்கள். சினிமா கொடியவனுக்கு நாம் வைத்திருக்கும் அந்தப் பெயர், பெருநிலக்காரனின் பண்ணையில் உழைத்த குடியானவனைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அப்பத்தைப் பூட்டிவைத்தவனின் பெயர் ஆண்டவன் வரைக்கும் ஏறியது. அப்பத்துக்கு உழுதவனின் பெயர் அயோக்கியன் வரைக்கும் இறங்கியது. இரண்டு சொல்லும் தாமாக ஏறவோ இறங்கவோ இல்லை. ஏட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் ஏற்றினார்கள், இறக்கினார்கள்.

இதை எனக்குத் துலக்கமாகக் காட்டியது, மரக்காணத்து அளத்துக்காரப் பெண்ணின் மகள் வகுப்பில் கேட்ட கேள்வி. சேலரியின் கதையைக் கேட்டுவிட்டு எழுந்து நின்றாள். "சார், உப்பு வாங்கினவங்களுக்குச் சேலரி. உப்பு வாருற எங்க அம்மாவுக்கு மட்டும் ஏன் சார் கூலி?"

அவளுடைய அம்மா செய்யும் வேலையை நான் அறிவேன். மழைக்காலம் முடிந்ததும் அளத்தைச் சீர்செய்து, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். உவர்நீரைக் கட்டிவைத்து, பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் முற்றவிட வேண்டும். கடல்நீரின் அடர்த்தி போமே அளவையில் 3 அல்லது 3.5 பாகை. அது 25-ஐ நெருங்கும்போதுதான் உப்பு விளையத் தொடங்கும். 30-ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசந்துபோகும். அதற்குள் மிஞ்சிய நீரை வடித்தாக வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில்தான் விளைச்சல் மிகுதி. வெண்மையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும் என்பதால், விடியும் முன்பே அளத்தில் இறங்குவார்கள். காலில் வெடிப்பு, வெடிப்பில் உப்பு. வாரிய உப்பைக் கூடையில் தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுவருவது பெண்கள். அக்டோபரில் மழை பிடித்தால் அளம் கரைந்துபோகும், வேலையும் நின்றுபோகும். அந்த மாதங்களுக்குத் தமிழக அரசு அண்மை ஆண்டுகளாக 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மற்றபடி அன்றைக்கு வேலை, அன்றைக்குக் கூலி.

அந்த மாணவியின் கேள்விக்கு அகராதியில் விடை கிடையாது. 'சேலரி'யில் உப்பு இருக்கிறது, ஆனால் அதை வாங்குகிறவர் கையில் உப்பு படுவதில்லை. 'கூலி'யில் உப்பு இல்லை, ஆனால் அதை வாங்குகிறவர் உடம்பெல்லாம் உப்பு. சொல்லின் பிறப்பில்தான் உண்மை இருக்கிறது என்றால், சேலரி அவள் அம்மாவுக்குத்தான் முதலில் சேர வேண்டும்.

கூலி என்பது இழிந்த சொல்லாகப் பிறக்கவில்லை. திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தெய்வத்தால் கைகூடாதபோதும், உடம்பை வருத்திச் செய்த முயற்சி அதற்குரிய பயனைத் தராமல் போகாது என்று சொல்லுமிடத்தில் வள்ளுவர் எடுத்தாளும் சொல் கூலி. தெய்வத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி அந்தச் சொல்லைப் பேசியிருக்கிறார் அவர். உழைப்புக்கும் பயனுக்கும் இடையே உள்ள அறம் அந்தச் சொல்லுக்குள் இருந்தது.

அது ஆங்கிலத்தில் 'கூலி' என்றே போய்ச் சேர்ந்தது. அந்த ஆங்கிலச் சொல் குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து வந்தது என்போரும் உண்டு. யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியே இரண்டு வழியையும் பேசுகிறது. எப்படியானாலும், தமிழில் உழைப்பின் பயனைக் குறித்த சொல், அங்கே உழைப்பவனின் பெயராக மாறியது. அவன் வாங்குவதையே அவன் பெயராக்கிவிட்டால், அவனுக்கு வேறு பெயர் தேவைப்படாது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த 1834-இலிருந்து மொரிஷியசுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பல் கப்பலாகப் போனார்கள். அத்தகைய தொழிலாளர்களோடு சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பனில் கரைசேர்ந்தது. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் ஆட்கள் போனார்கள். போன இடங்களில் அவர்களைக் கூலி என்றே அழைத்தார்கள்.

1893-இல் நேட்டாலுக்குப் போன காந்தி, தன்னை 'கூலி பாரிஸ்டர்' என்று அழைத்தார்கள் என்று தன் வரலாற்றில் எழுதுகிறார். அங்கேயே இன்னொரு செய்தியும் தருகிறார். தமிழர்களின் பெயர்கள் பல 'சாமி' என்று முடிவதால், வெள்ளையர் இந்தியரை 'சாமி' என்று இளக்காரமாகக் கூப்பிட்டார்கள். மதியும் துணிவும் உள்ள இந்தியர் சிலர், சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உங்களுக்கு எசமான் இல்லையே என்று திருப்பிச் சொல்வார்களாம். அதைக் கேட்டுக் கூசிப்போன வெள்ளையர் உண்டு. ஆத்திரப்பட்டுத் திட்டியவர்கள், வாய்ப்புக் கிடைத்தால் அடித்தவர்களும் உண்டு.

இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கும். கோயிலில் இறைவனை அழைக்கும் சொல் அது. அதன் பிறப்பை விட உயர்ந்த பிறப்பு ஒரு சொல்லுக்குக் கிடையாது. சொற்பிறப்பு அந்தத் தமிழனின் பக்கம்தான் நின்றது. ஆனாலும் அது அவன் முதுகில் விழுந்த அடியைத் தடுக்கவில்லை. கூப்பிடுகிறவன் மனத்தில் மரியாதை இல்லாவிட்டால், கடவுளின் பெயரே வசையாகிவிடும். மரியாதை இருந்துவிட்டால், எங்கே பிறந்த சொல்லும் வாழ்த்தாகிவிடும்.

கூலி பாரிஸ்டர் என்று இழித்துரைக்கப்பட்ட அந்த மனிதர்தான் 1930 ஏப்ரல் 6 அன்று தண்டிக் கடற்கரையில் உப்பை அள்ளினார். அந்த மாதம் 30-ஆம் நாள் வேதாரண்யத்தில் இராஜாஜி அள்ளினார். பேரரசு வரிபோட்டு வைத்திருந்த பொருளை, அதைத் தொட்டு விளைவிக்கும் ஏழையின் உரிமையாக்கிப் பேசியது அந்தப் போர். யாருக்கு எந்தப் பெயர் என்பதை ஆள்கிறவன் மட்டுமே முடிவு செய்ய முடியாது என்று உலகத்துக்குச் சொல்லியதும் அதுதான்.

சமய நூல்கள் கூலி என்ற சொல்லை எங்கே வைத்திருக்கின்றன என்று தேடிப் பார்த்தேன். கூலியாளின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்துக்கொள்ளாதே என்று கட்டளையிடுகிறது லேவியராகமம். வயலை அறுத்தவர்களிடமிருந்து பிடித்துவைத்த கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபின் நிருபம். திராட்சைத் தோட்டத்து உவமையில், பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் முழுநாள் கூலியைக் கொடுக்கச் சொல்கிறார் தோட்டத்தின் உரிமையாளர். உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்று நபிகள் நாயகம் சொன்னதாக நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. வள்ளுவர் சொன்னதை முன்பே பார்த்தோம். வெவ்வேறு மண்ணில் பிறந்த இந்த மரபுகளில் எதுவும் கூலி என்ற சொல்லின் வேரை ஆராயவில்லை. கூலியைக் கொடுத்தாயா என்று கேட்கின்றன.

என் நெடுநாள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். சொல்லின் மெய் அதன் பின்னால், பிறந்த காலத்தில் புதைந்து கிடப்பதில்லை. சொல் ஒரு வாக்கு. வாக்கு கொடுத்த நேரத்தில் அது மெய்யாகிவிடாது; நிறைவேற்றும்போதுதான் மெய்யாகும். கூலி என்ற சொல், உழைத்தவர் கையில் நியாயமான பணம் உரிய நேரத்தில் சேரும் நாளில் மெய்யாகிறது. சேராத நாளில், எவ்வளவு தொன்மையான தமிழ்ச்சொல்லாக இருந்தாலும் அது பொய்தான். மீமாம்சகர் சொன்னபடி சொல்லும் பொருளும் பிரியாதவை என்றால், அந்தப் பிரியாமையைக் காப்பாற்றும் பொறுப்பு பேசுகிற நம்மிடம் விடப்பட்டிருக்கிறது. நியாய மரபினர் சொன்னபடி அது ஓர் ஏற்பாடு என்றாலும், ஏற்பாட்டை மீறாமல் நடப்பது நம் கடமைதான். எந்த வழியில் வந்தாலும் சுமை நம் தலையில்தான் இறங்குகிறது.

அந்த மாணவிக்கு நான் சொன்ன விடையை இங்கே மற்றவர்களுக்கும் சொல்கிறேன். உன் அம்மா வாங்குவது கூலி. அது வள்ளுவர் தொட்ட சொல், வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள், அதை வசையாக மாற்றியவர்களும் அதைக் குறைத்துக் கொடுக்கிறவர்களும்.

ஆசிரியர்களே, சொற்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சான்று உள்ளதை உறுதியாகவும், இல்லாததைக் கதை என்றும் சொல்லுங்கள். 'கூலிக்காரப் பிள்ளை' என்று எந்தக் குழந்தையையும் வகுப்பில் யாரும் கூப்பிட விடாதீர்கள். வேலை கொடுக்கிறவர்களே, உங்களிடம் வேலை செய்கிறவரை அவருடைய பெயரைச் சொல்லி, அக்கா என்றோ அண்ணே என்றோ கூப்பிடுங்கள். பேசிய கூலியைக் குறைக்காமல், அவர் வீடு திரும்பும் முன் கையில் கொடுங்கள்.